வந்துட்டேன் சார்: வேலைக்குப் போகிறவர்களின் ஆங்கிலம் குறித்து ஓர் இலக்கண ஆராய்ச்சி

சென்னையில் காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் பேசப்படும் ஆங்கிலத்துக்கு இதுவரை யாரும் இலக்கணம் எழுதவில்லை. கல்வெட்டுகளைப் படியெடுத்தவர்கள் உண்டு. குறிஞ்சிப்பாட்டின் பூக்களை ஒன்று விடாமல் எண்ணியவர்களும் உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் நின்றுகொண்டிருக்கும்போது, கம்பியைப் பிடித்துத் தொங்கும் ஒருவர் கைபேசியில் "கிண்டி ரீச்ட் சார்" என்று ஏன் சொல்கிறார் என்று கேட்டவர்தான் இல்லை. நடுவில் ஆறு ஸ்டேஷன் கிடக்கிறது. ஆறையும் ஒரே சொல்லில் விழுங்கும் ஆற்றல் அந்த ஆங்கிலத்துக்கு எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்.

ஆய்வுக் களம் புதிதல்ல. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அதற்கும் முன்பே, 1895-ல், மதராஸில் மின்சார டிராம் வந்துவிட்டது. 1953 வரை ஓடியது. ஆக, இந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அலுவலகத்துக்குத் தாமதமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தரவு திரட்டிய முறையையும் சொல்லிவிடுகிறேன். நெரிசல் நேரத்தில் ஒரு கை கம்பியில் இருக்கும், இன்னொரு கை பையில் இருக்கும். காதை மூடிக்கொள்ளக் கை மிஞ்சாது. தரவு தானாக வந்து சேரும்.

முதலில் ஒரு மாநகரப் பேருந்து. நிறுத்தத்தில் நிற்கும் பெரியவர் பக்கத்திலிருப்பவரிடம் கேட்கிறார்: "டுவென்ட்டி ஒன் ஜி போயிடுச்சா?" அவர் பள்ளிக்கூடத்தில் எந்த மொழியில் படித்திருந்தாலும் சரி, "இருபத்தொன்று ஜி" என்று கேட்க மாட்டார். பஸ் வருகிறது, ஏறுகிறார். நோட்டை நீட்டி, "ஒரு கிண்டி. பதினஞ்சா, இருபதா?" என்கிறார். பஸ்ஸுக்கு ஆங்கில எண், காசுக்குத் தமிழ் எண். இரண்டுக்கும் இடையில் அவர் எந்த மொழிபெயர்ப்பு நூலையும் புரட்டவில்லை.

கண்டக்டரின் மொழி இதைவிட நுட்பமானது. பயணிகளைப் பார்த்து, "உள்ளே போ, உள்ளே போ, பின்னாடி காலியாத்தானே கிடக்கு, படியில என்னத்த வச்சிருக்கே?" என்று தமிழில் முழங்குகிறார். அதே மூச்சில் தலையை முன்பக்கம் திருப்பி டிரைவருக்கு "ரைட், ரைட்!" என்கிறார். யாராவது ஓடி வருவது தெரிந்தால் "ஹோல்டான்!" இந்த ஹோல்டானுக்கு எழுத்துக்கூட்டு என்ன, மூலம் என்ன என்று இருவரில் யாரும் கவலைப்பட்டதில்லை. பஸ் நின்றுவிடுகிறது, ஒரு சொல்லுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? தொண்டை கட்டிய நாளில் விசில் இருக்கிறது: ஒன்று அடித்தால் ஹோல்டான், இரண்டு அடித்தால் ரைட்.

இந்த மொழிப் பிரிவினைக்கு இரண்டு விளக்கங்கள் பொதுவாகச் சொல்லப்படும். இரண்டும் தவறு. ஆங்கிலம் கௌரவத்துக்காகப் பேசப்படுகிறது என்பது ஒன்று. கண்டக்டரும் டிரைவரும் ஒரே டிப்போவில் ஒரே டீயைக் குடிக்கிறவர்கள். ஒருவரிடம் ஒருவர் காட்டிக்கொள்ள அங்கே கௌரவம் எதுவும் பாக்கியில்லை. தமிழில் சொல் இல்லாததால் ஆங்கிலம் வந்தது என்பது மற்றொன்று. "போ", "நில்" என்ற இரண்டு சொற்கள் இல்லாமல் இந்த மொழி இத்தனை காலம் ஓடியிருக்க முடியாது.

எமது கருதுகோள் வேறு. அதை நூற்பாவாகவே தருகிறோம்:

காணாப் பொருண்மேல் ஆங்கிலம் வருமே;
கண்டபின் தமிழே கடன்எனப் படுமே
என்மனார் புலவர் இயல்புணர்ந் தோரே.

எந்தப் புலவர் என்று கேட்கக் கூடாது. "என்மனார் புலவர்" என்ற இரண்டு சொல்லைப் போட்டுவிட்டால் அடிக்குறிப்பு வேண்டியதில்லை என்ற வசதியை முன்னோர் நமக்கு விட்டுப்போயிருக்கிறார்கள். இன்றைய முனைவர் பட்ட மாணவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளாதது வருத்தத்துக்குரியது.

உரை: இன்னும் வராத பஸ் காணாப் பொருள், ஆகவே "டுவென்ட்டி ஒன் ஜி". கையிலுள்ள காசு கண்ட பொருள், ஆகவே "பதினஞ்சு". எழுபது தலைகளுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் டிரைவர் காணப்படாதவர், அவருக்கு "ரைட்". மூக்குக்கு நேரே நிற்கும் பயணி நன்றாகவே காணப்படுபவர். அவருக்கு "உள்ளே போ". "சீட்" என்ற சொல் ஏன் ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டது என்பதற்கும் இதுவே காரணம். காலை ஒன்பது மணிக்கு அதைக் கண்டவர் யார்?

இங்கே ஓர் ஐயம் எழும். பக்கத்தில் நிற்பவரின் காலை மிதித்துவிட்டு "சாரி" என்கிறோமே, அவர் கண்ணெதிரேதானே இருக்கிறார் என்று கேட்கலாம். ஆள் தெரிகிறார், உண்மை. மிதிபட்ட கால் தெரியவில்லை. சாரி காலுக்குச் சொல்லப்பட்டது. அந்த ஆள் திரும்பி முறைத்ததும் "கூட்டம் தள்ளுதுங்க, என்ன பண்றது" என்று தமிழ் வந்துவிடுவதைக் கவனிக்க.

"டிக்கெட்" வேறு வகை. அது கண்ணுக்குத் தெரியும், கையிலும் இருக்கும். ஆனால் அதை இனியும் ஆங்கிலம் என்று சொல்வது நன்றிகெட்ட செயல். "இன்னும் ரெண்டு டிக்கெட் ஏறணும்" என்று கண்டக்டர் சொல்லும்போது அது மனிதனைக் குறித்து ஆகுபெயர் ஆகிவிட்டது. "அவன் டிக்கெட் வாங்கிட்டான்" என்றால் மனிதன் போய்ச்சேர்ந்ததையே குறித்துவிடுகிறது. ஒரு சொல் ஓர் ஊரில் சாகவும் கற்றுக்கொண்ட பிறகு அதை அயலார் என்பது முறையல்ல.

"பஸ்" கதை இன்னும் விசித்திரம். எல்லாருக்கும் என்று பொருள்படும் "ஆம்னிபஸ்" என்ற லத்தீன் சொல், பிரான்சின் நாந்த் நகரில் 1820-களில் குதிரை வண்டிக்குப் பெயரானது. ஜார்ஜ் ஷில்லிபியர் 1829-ல் லண்டனில் அப்படியொரு வண்டியை விட்டார். ஆங்கிலேயர்கள் பிறகு தலையை வெட்டி எறிந்துவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த வால் வெறும் வேற்றுமை உருபு. அதாவது நாம் தினமும் ஏறி, தொங்கி, பிதுங்கி இறங்குவது வண்டியில் இல்லை, நான்காம் வேற்றுமையில். தமிழில் இதே அறுவையைச் செய்து பார்த்தால், "எல்லாருக்கும்" என்பதில் எல்லாரும் கழன்று விழுந்து "உக்கும்" மட்டும் மிஞ்சும். இடம் கிடைக்காமல் நிறுத்தத்தில் விடப்பட்டவர் கழுத்தை வெட்டிக்கொண்டு சொல்வதும் அதுவே. தலையோடு கூடிய முழுச்சொல் நம்மூரில் "ஆம்னி பஸ்" என்று பிழைத்திருக்கிறது. தீபாவளிக்கு முந்தின நாள் அதன் கட்டணத்தைக் கேட்டவர்கள், எல்லாருக்கும் என்பது அதன் பொருளாக இருக்க முடியாது என்று அடித்துச் சொல்வார்கள்.

தினமும் வேலைக்குப் போய்வருவதற்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் "கம்யூட்" என்ற வினை நம்மிடம் செல்லவில்லை. அது அமெரிக்க ரயில்வேயில், 1840-களில், பல நாள் கட்டணத்தைச் சுருக்கி ஒன்றாக்கிக் கொடுத்த தள்ளுபடி டிக்கெட்டிலிருந்து வந்த சொல். தள்ளுபடியில் பிறந்த சொல்லை நாம் ஏன் விட்டோம் என்பது தனி ஆய்வுக்குரியது. நாம் எடுத்துக்கொண்டது "அப் அண்ட் டவுன்". "செங்கல்பட்டுலேருந்து அப் அண்ட் டவுன்தான் பண்றேன்" என்கிறார்கள். பிரிட்டனில் லண்டனை நோக்கிப் போகும் தண்டவாளம் அப், விலகிப் போவது டவுன். செங்கல்பட்டுக்காரருக்கோ லண்டனும் கிடையாது, மலையும் கிடையாது. இருந்தாலும் மாலையில் வீடு திரும்பும் அவரது முகத்தைப் பார்த்தவர்கள், டவுன் என்ற சொல் பொருத்தமில்லை என்று சொல்லத் துணிய மாட்டார்கள்.

இனி இந்த ஆய்வின் உயிர்நிலைக்கு வருவோம். காணாதாரில் தலையாயவர் மேனேஜர். அவருடன் கைபேசியில் பேசப்படும் மொழிக்குச் சொற்கள் கொஞ்சம்தான், பொருளோ கடல். "ஸ்டார்ட்டட்" என்றால் கண் விழித்தாயிற்று. "ஆன் த வே" குளியலறைக் கதவில் தொடங்கி அலுவலக லிஃப்ட் வரை நீளும் இடப்பெயர். "நியர்பை" என்பது மாவட்டத்துக்குள் இருப்பதற்கான உறுதிமொழி. "ஜஸ்ட் ஃபைவ் மினிட்ஸ்" எண்ணலளவைப் பெயர்போலத் தோன்றினாலும் அதில் எண்ணுவதற்கு எதுவும் இல்லை.

இவற்றைப் பொய் என்று மனிதவளத் துறையினர் எண்ணுகிறார்கள். இலக்கணம் தெரியாததன் விளைவு. நடக்காத ஒன்றை விரைவு காரணமாக நடந்து முடிந்ததாகவே சொல்லலாம் என்று தொல்காப்பியம் வினையியலில் இடம் கொடுத்திருக்கிறது. உரையாசிரியர் சேனாவரையர் இதற்குக் காட்டும் உதாரணத்தைப் பாருங்கள். புறப்பட வேண்டிய அவசரத்தில் இருக்கும் ஒருவன், இன்னும் நீ சாப்பிடவில்லையா என்று நண்பனைக் கேட்கிறான். இலையில் கை வைக்காத அந்த நண்பன், சாப்பிட்டேன், வந்துவிட்டேன் என்கிறான். இது பிழையல்ல, காலவழுவமைதி. சோற்றுக்குப் புலவர்கள் அனுமதித்த சலுகையைச் சோற்றுக்கு வழிசெய்யும் வேலைக்கு மறுப்பது எந்த நியாயம்? சானடோரியத்தில் நின்றுகொண்டு கிண்டி ரீச்ட் என்றவர் மரபு வழாதவர். அவருக்கு மெமோ கொடுப்பவர்கள் சேனாவரையருக்கும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

"டிராஃபிக்" பற்றி ஒரு வார்த்தை. தமிழில் நெரிசல் என்ற அருமையான சொல் இருக்கிறது. ஆனால் "சார், நெரிசல்" என்று சொல்லி ஊரில் யாரும் தப்பித்ததில்லை. "சார், டிராஃபிக்" என்றால் எதிர்முனையில் ஒரு பெருமூச்சு, பிறகு மன்னிப்பு. காணாதவர் அதை ஆங்கிலத்தில்தான் கற்பனை செய்ய முடியும் என்பது நூற்பாவின் வழிப்பட்ட முடிவு. 2015-ல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபோது இச்சொல்லின் எதிர்காலம் குறித்துச் சில வட்டாரங்களில் கவலை எழுந்தது நியாயமே. சிக்னலும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் தலைக்கு மேலே போகும் வண்டியில் இருந்துகொண்டு என்ன சாக்குச் சொல்வது? அதே மெட்ரோ தன் இரண்டாம் கட்டத்துக்காகப் பழைய மகாபலிபுரம் சாலையெங்கும் தடுப்புகளை நட்டு "டைவர்ஷன்" என்ற புதுச் சொல்லைத் தந்து கடனைத் தீர்த்தது. அரசு அலுவலகங்களில் இந்தப் பாடெல்லாம் தேவைப்படுவதில்லை. அங்கே "பெர்மிஷன்" இருக்கிறது. ஒரு மணி நேரம், ஒரு கையெழுத்து, மேலே பேச்சில்லை.

எமது கொள்கைக்குக் கடும் சோதனை "லைவ் லொகேஷன்" வடிவில் வந்தது. ஆன் த வே என்றவரிடம் மேனேஜர், சரி, லொகேஷன் போடு என்கிறார். போட்டாக வேண்டும். திரையில் ஒரு வட்டம் வேளச்சேரியில், அதுவும் வீடிருக்கும் தெருவிலேயே, அசையாமல் நிற்கிறது. காணாதார் கண்டுவிட்டார். அந்த நொடியில் லொகேஷன் போட்டவர் வாயிலிருந்து ஆங்கிலம் ஒழிந்துபோவதை மொழியியலார் நேரில் பார்க்க வேண்டும். "இல்ல சார், பையனுக்கு ராத்திரி காய்ச்சல் சார், இதோ கிளம்பிட்டேன் சார்." எல்லாரையும் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கும் கம்பெனிகளிலும் அன்றைக்கு "சார்" மூன்று முறை வரும். நூற்பாவின் இரண்டாம் அடிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வேண்டும் என்பவர்களுக்காக இன்னொரு காட்சி. சோழிங்கநல்லூர் சிக்னல், மணி பத்தை நெருங்குகிறது. காரின் பின்னிருக்கையில் மேனேஜர். கண்ணாடி ஏற்றியிருக்கிறது. தன் மேலாளருக்கு, அதாவது தனக்குக் காணாதவருக்கு, "ஆன் த வே, ஃபைவ் மினிட்ஸ்" என்று சொல்லி முடித்துவிட்டுத் திரும்புகிறார். ஓரமாக ஸ்கூட்டரில், ஹெல்மெட்டுக்குள் வியர்த்துப்போய், சற்றுமுன் லொகேஷன் போட்டவர். இருவரும் பார்த்துக்கொண்டாயிற்று. கண்ணாடி இறங்குகிறது.

"என்னப்பா, நீயும் இங்கதானா?"

"சார், இந்தப் பக்கம் நகராது சார். லெஃப்ட்ல ஒரு சந்து இருக்கு, பூந்துட்டா பின்பக்கமா ஏறிடலாம்."

"கார் போகுமா?"

"போகாது சார்."

மேனேஜர் கொஞ்சம் யோசிக்கிறார்.

"சரி, நீ முன்னாடி போ. போயி, நான் ஆன் த வேன்னு சொல்லிடு."