ஏழரைக்கு ஏங்கும் அண்ணன்

ஏழரை எப்போது விலகும் என்று ஊரே சனிக்கிழமை தவறாமல் எள் தீபம் போட்டுக்கொண்டிருக்க, ஏழரை எப்போது வரும் என்று தீபம் போடுகிற ஆளை நான் கோவை காந்திபுரத்தில்தான் பார்த்தேன். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் ரீடிங் பகுதியில் அவருக்கு ஏழரை வேண்டும். ஐந்து தடவை எழுதியாயிற்று. முதல் தடவை ஐந்தரை, மற்ற நான்கும் ஆறரை. அவருடைய அம்மாவுக்குத்தான் இது புரிந்தபாடில்லை. "ஆறரையோட விட்டுச்சேன்னு கும்புட்டுட்டு வராம, ஏழரை புடிக்கணும்னு பணங் கட்டிட்டுத் திரியறானே!" என்று ஜோசியரிடமே போய்க் கேட்டுவிட்டார்.

கோச்சிங் சென்டர் உள்ள ஊரிலெல்லாம் இந்த அண்ணன் ஒருவர் இருப்பார். மாடியில் வகுப்பு, கீழே பேக்கரி, அவருக்கு வாசம் பேக்கரியில். டீயும் தேங்காய் பன்னும் ஆகாரம். சட்டைப் பையில் இரண்டு முனையும் சீவிய பென்சில். ஒரு முனை உடைந்தால் திருப்பிப் பிடித்துக்கொள்ளலாம், நேரம் மிச்சம். தேர்வைக் கம்ப்யூட்டரில் எழுத ஆரம்பித்த பிறகும் பென்சிலை விடவில்லை. புதிதாகச் சேர வருகிறவர்களை மாடிப்படி ஏறுவதற்குள் மடக்கிவிடுவார். யோசனை இலவசம். டீக்கு மட்டும் நாம் கொடுத்துவிட வேண்டும்.

"மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க தம்பி. ரீடிங்ல ரீடிங்கே பண்ணக் கூடாதுங்க."

அவர் கணக்கைப் பொய் என்றும் தள்ள முடியாது. 60 நிமிடம், 40 கேள்வி. அகாடமிக் தேர்வில் மூன்று நெடுங்கட்டுரைகள், எல்லாம் சேர்ந்து 2,150 சொல்லிலிருந்து 2,750 சொல் வரை. முப்பது சரியென்றால் ஏறக்குறைய 7, இருபத்து மூன்று என்றால் 6. தப்புக்கு மார்க் பிடிப்பதில்லை என்பதால் எதையும் காலியாக விடக் கூடாது. காகிதத்தில் எழுதும்போது, லிசனிங் விடைகளைத் தாளில் ஏற்றத் தனியாக 10 நிமிடம் தருவார்கள். ரீடிங்குக்கு அந்தச் சலுகை கிடையாது. அண்ணன் இதைக் கற்ற விதம் தனி. முதல் தடவை எல்லாவற்றையும் கேள்வித்தாளிலேயே குறித்துவைத்து, கடைசியில் சாவகாசமாக ஏற்றலாம் என்றிருந்தார். பதினோரு விடை ஏறாமலே தாள் கைமாறிவிட்டது. ஐந்தரையின் வரலாறு அது.

பிறகு வருவது உபதேசம். ஸ்கிம்மிங் என்றால் பாலில் ஆடை எடுப்பது. தலைப்பு, முதல் பத்தி, ஒவ்வொரு பத்திக்கும் முதல் வரி, கடைசிப் பத்தி, அவ்வளவுதான். ஸ்கேனிங் என்றால் கல்யாணக் கூட்டத்தில் சித்தப்பாவைத் தேடுவது. "எல்லா மூஞ்சியும் பாக்கப்படாதுங்க, வழுக்கையை மட்டும் பாக்கணும்." அந்த வழுக்கைகள் எண்களும் கேப்பிட்டல் எழுத்துகளும். ஆட்பெயர், ஊர்ப்பெயர் எல்லாம் பக்கத்துக்கு நடுவே கோபுரம் மாதிரி எழுந்து நிற்குமாம். ட்ரூ, ஃபால்ஸ் கேள்விகளின் விடைகள் கட்டுரையின் வரிசையிலேயே வரும், தலைப்புப் பொருத்தும் கேள்விகள் அப்படி வராது என்பதையும் சொல்வார். சொல்வதெல்லாம் சரிதான். நானே கேட்டுப் பயனடைந்தவன்.

சிக்கல் என்னவென்றால், அண்ணன் பேக்கரிக்கு வெளியேயும் இப்படித்தான் வாசிக்கிறார். பெரியம்மா மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. மேலே பிள்ளையார் துணை, கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்'. நடுவில் எண்ணைத் தேடினார்; 6.00 – 7.30 என்று கிடைத்தது. சரியாக மாலை ஆறு மணிக்குப் பட்டு வேட்டியில் போய் நின்றார். மண்டபத்தில் கழுவின அண்டாவை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தம் காலையிலேயே முடிந்து, மாப்பிள்ளை மறுவீட்டுச் சாப்பாட்டில் இருந்தார். "கீவேர்டு சரியாத்தாங்க புடிச்சேன், சுத்தி இருந்ததைத்தான் விட்டுட்டேன்" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரலில் வருத்தத்தைவிட ஆராய்ச்சிதான் அதிகம்.

ஆனாலும் அவருடைய உயிர் இருப்பது 'நாட் கிவன்' என்பதில். ட்ரூவும் ஃபால்ஸும் பள்ளிக்கூடத்திலேயே நமக்குப் பழக்கம். மூன்றாவதாக வந்து உட்காரும் இதுதான் ஆளைக் கவிழ்க்கும். கட்டுரையில், 'அந்த ஊரில் மூன்று கிணறுகள் இருந்தன' என்றிருக்கும். கேள்வி: 'ஊரார் கிணற்று நீரைக் குடித்தனர்.' கிணறு வெட்டிவிட்டுக் குடிக்காமல் எட்டிப் பார்த்துக்கொண்டா இருப்பார்கள் என்று நம் புத்தி ட்ரூ போடும். போச்சு. குடித்தார்கள் என்று கட்டுரை சொல்லவில்லை, ஆகவே நாட் கிவன். 'இரண்டே கிணறுகள்' என்று கேட்டால்தான் ஃபால்ஸ். பக்கத்து வீட்டு வாசலில் நாலு ஜோடிச் செருப்பு கூடுதலாகக் கிடந்தால் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்பது வரை போய்விடுகிற ஆட்கள் நாம். எழுதியிருப்பதை மட்டும் நம்பு என்றால் எப்படி? இந்தக் கேள்வி சோதிப்பது நம் ஆங்கிலத்தையா, வம்பையா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

அண்ணன் அந்த வம்புக் குணத்தை வேரோடு பிடுங்கிவிட்டார். கொஞ்சம் ஆழமாகவே பிடுங்கிவிட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளைக்குத் தண்ணிப் பழக்கம் ஏதும்..." என்று இழுத்தார். தரகர் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்: "குடுத்த ஜாதகத்துல அதைப் பத்தி ஒண்ணும் இல்லீங்களே. நாட் கிவனுங்க." டீயைத் தவிர வேறொன்றைத் தொட்டறியாத மனிதர். சம்பந்தம் அன்றோடு சரி.

போன மழைக்காலத்தில் ஒரு நர்ஸ் பெண் வந்து சேர்ந்தது. பிரிட்டனில் நர்ஸாகப் பதிய ரீடிங்கில் 7 வேண்டும். நைட் டூட்டி முடித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே வரும். அண்ணன் வழக்கம்போல மடக்கினார். "அம்மிணி, முழுசா மட்டும் படிச்சுறாதே." அதுவும் "சரிங்ணா" என்று தலையாட்டியது. அந்த வாரம் மாதிரித் தேர்வு. முடிந்து எல்லோரும் கீழே வந்து டீ சொன்னோம்.

"ஏனுங்ணா, அந்த ஆக்டோபஸ் பாவமுங்ல்ல? அத்தனை நாள் முட்டையைக் காத்துக் கிடந்துட்டு, குஞ்சு வர்ற நேரத்துல செத்துப்போயிருதே."

"எந்த ஆக்டோபஸ்?" என்றார் அண்ணன்.

"ரெண்டாவது பேசேஜ் முழுக்க அதானுங்களேண்ணா."

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். பதினெட்டே நிமிடத்தில் அந்தப் பதின்மூன்று கேள்விக்கும் விடை போட்டுவிட்டு வந்தவர். சி பத்தி, நாலாவது வரி, இடது ஓரம் என்று இடம் சுட்டத் தெரிந்தது. "எய்ட் ஆர்ம்ஸ்னு வந்துச்சுங்க அம்மிணி," என்றார் மெதுவாக. "நான் ஏதோ ஆயுதக் கடத்தல்னு நெனச்சேன்."

அந்தப் பெண்ணுக்கு முதல் தடவையிலேயே ரீடிங்கில் ஏழரை வந்தது. இப்போது மாடிப்படியில் மடங்குகிறவர்களிடம், "நம்ம வழியில எழுதுன பொண்ணுங்க, இன்னைக்கு லண்டன்ல இருக்குது" என்கிறார். அவருடைய சொந்த மார்க் பட்டியல்களில் இரண்டு காலாவதியாகிவிட்டன. இரண்டு வருடம்தான் அதற்கு ஆயுள், வீட்டு ஆவக்காய் கூட அதற்குமேல் தாங்கும். ஆறாவது தடவைக்குப் பணம் கட்டியாயிற்று.

இதை எழுதி முடித்ததும் அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். மணியைப் பார்த்துக்கொண்டார். பென்சில் வெளியே வந்தது. தலைப்பு, முதல் வரி, ஒரே தாவலில் கடைசிப் பத்தி. பிறகு பென்சில் முனை மேலிருந்து கீழே ஓடியது, நின்றது, மறுபடி மேலே போய் ஓடியது. ஐந்து தேர்விலும் காணாத கலக்கம் முகத்தில்.

"என்னங்ணா?"

"தமிழ்ல கேப்பிட்டல் லெட்டரே இல்லீங்களே தம்பி. ஆள் பேரு எங்க இருக்குன்னு எப்படிங்க கண்டுபுடிக்கிறது?"

"பேரே போடலீங்ணா."

முகம் மலர்ந்துவிட்டது. ஓரத்தில் 'நாட் கிவன்' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னொரு டீ சொன்னார்.