கலோரி அண்ணையின் வின்ரர்

ஸ்காபரோவில் கலோரி அண்ணை இல்லாத குடும்பம் கிடையாது. ஒரு வீட்டில் அவர் சித்தப்பா, இன்னொரு வீட்டில் மச்சான், சில வீடுகளில் அவரே அக்காவாகவும் இருப்பார். வயது 45க்கும் 55க்கும் நடுவில். ஒக்டோபர் மாதத்தில் ஒருநாள் ஃபமிலி டொக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து, "சுகர் எல்லையிலை நிக்குது, ஒரு பத்துக் கிலோ குறைச்சால் நல்லது" என்று சொல்லியிருப்பார். டொக்டர் சொன்னது அந்த ஒரு வசனம்தான். அண்ணை அதற்குச் சொல்லும் விரிவுரை சித்திரை வரை ஓடும்.

கனடாவில் மெலிவதற்கு நவம்பரைவிட மோசமான மாதம் இல்லை. அண்ணை அதைத்தான் தேடிப் பிடிப்பார். கோடையில் தொடங்கலாமே என்றால், கோடையில் பாபிக்யூ. செப்ரெம்பரில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். ஒக்டோபரில் தாங்க்ஸ்கிவிங் வான்கோழி, அதன் பின்னாலேயே தீபாவளி, மாதக் கடைசியில் பிள்ளைகள் ஹலோவீனுக்கு வீடுவீடாகப் போய்ச் சேர்த்துவந்த சொக்லேட். அந்தப் பையைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். அண்ணை மறக்கமாட்டார்.

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள். டிசம்பர் பிறக்க, பின்னேரம் 4.40க்குப் பொழுது பட்டுவிடும். 21ஆம் திகதியளவில் ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணித்தியாலத்துக்கும் குறைவு. யாழ்ப்பாணத்தில் மார்கழியிலும் ஆறு மணிக்குக் கிட்டத்தான் இருட்டும். அந்த வெளிச்சத்தில் வளர்ந்த உடம்பு இது. இருட்டோடு வேலைக்குப் போய், ஜன்னல் இல்லாத தொழிற்சாலைக்குள் நாளைக் கழித்து, இருட்டோடு திரும்பி வரும் மனிதர் சூரியனைக் காண்பது சனி ஞாயிறில், அதுவும் முகில் விட்டால்தான்.

"என்னவோ தெரியேல்லை, ஒரே அலுப்பாக் கிடக்கு" என்பார். இதற்கு முன்னும் அவருக்கு அலுப்பு இருந்தது. அப்போது அதற்கு அலுப்பு என்றே பெயர். இப்போது யூடியூப் பார்த்து, பருவகால மனச்சோர்வு என்று ஒன்று இருப்பதையும், நோர்மன் ரோசன்தாலும் அவரது குழுவினரும் 1984இல் அதை விவரித்து எழுதியதையும் அறிந்து வைத்திருக்கிறார். குளிர்காலத்தில் நித்திரை கூடுவதும், மாப்பொருளில் ஆசை பெருகுவதும், நிறை ஏறுவதும் அதன் அடையாளங்கள் என்று கேள்விப்பட்ட அன்று அண்ணையின் முகத்தில் கனகாலத்துக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. இரவு ஒன்பது மணிக்குப் பாண் தேடுவது தான் அல்ல, பருவகாலம்!

இந்தச் சோர்வுக்குக் காலையில் அரை மணித்தியாலம் 10,000 லக்ஸ் வெளிச்சத்துக்கு முன்னால் இருக்கச் சொல்வார்கள். பலருக்குப் பலன் கொடுக்கிற வழிதான். அண்ணையும் விளக்கொன்று வாங்கினார். ஆனால் காலையில் அதன் முன்னால் இருக்க அரை மணித்தியாலம் முந்தி எழும்ப வேண்டுமே; அவ்வளவு முந்தி எழும்பக்கூடியவருக்கு விளக்கு எதற்கு? இப்போது அதன் முன்னால் கதிரை போட்டு இருந்து அண்ணையின் அம்மா பருப்பில் கல் பொறுக்குகிறார். வீட்டில் அலுப்பில்லாமல் திரிவது அவர் ஒருவர்தான்.

அலுப்பு இப்படியென்றால் பசி வேறு கதை. விடிய ஒரு வெறும் கோப்பி, மஞ்சட்கரு கழற்றிய அவித்த முட்டை. மத்தியானம் பிளாஸ்ரிக் பெட்டியில் சலாட். வெளியே கழித்தல் பதினைந்து பாகை. உள்ளே பிரிட்ஜிலிருந்து எடுத்த கோவா இலையை மெல்லும் அண்ணை. மைக்ரோவேவுக்கு முன்னால் வரிசை நிற்கும். யாரோ ஒருவரின் ஆட்டிறைச்சிக் கறி உள்ளே சுழலும்போது அண்ணை கண்ணை மூடிக்கொள்வார். இதைத் தியானம் என்று நினைத்துச் சத்தம் போடாமல் கடந்து போகிற சீனத்துச் சக தொழிலாளியும் உண்டு. என் அபிப்பிராயத்தில், குளிர்காலத்துக்குக் குளிர்ந்த சலாட்டைப் பரிந்துரைத்தவர் கலிஃபோர்னியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும்.

இரவுதான் நாடகம்.

"இஞ்சாருங்கோ, பிரிட்ஜுக்குள்ளை என்ன தேடுறியள்?"

"ஒண்டுமில்லையப்பா. தண்ணி."

"தண்ணி பைப்பிலை வருது."

"குளிர்த் தண்ணி."

"வெளியிலை ஸ்னோ கிடக்கு, போய் அள்ளிக் குடியுங்கோ."

பிரிட்ஜ் வெளிச்சம் 10,000 லக்ஸ் இல்லைத்தான். ஆனால் அதன் முன்னால் நிற்கும்போது அவர் முகத்தில் தோன்றுகிற பிரகாசத்தை எந்த விளக்கும் தந்ததில்லை.

சாப்பிட்டதையெல்லாம் போனில் உள்ள செயலியில் எழுதுவார். அது அவருக்கு நாளுக்கு 1,200 கலோரி என்று அளந்து கொடுத்திருக்கிறது. வெகு கெதியாக மெலிய வேண்டும் என்று அவரே தட்டிக் கேட்டு வாங்கிய அளவு. கணக்கு எழுதும் முறை மட்டும் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. மட்டன் றோல்ஸ் ஒன்றைக் கத்தியால் சரிபாதியாக வெட்டுவார். தன் பாதியை நேர்மையாக எழுதிவிடுவார். மற்றப் பாதி மகனுக்கு. மகன் வர ஒன்பது மணியாகும், அதற்குள் ஆறிப்போய்விடும், ஆறின றோல்ஸைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? அது தகப்பனின் கடமைக் கணக்கில் போகும். கலோரிக் கணக்கில் வராது.

இதையெல்லாம்விட எனக்குச் சுவையாகப் படுவது வேறு. முன்பு தேத்தண்ணி போடக்கூடத் தெரியாமலிருந்த இந்த மனிதர் டயட் தொடங்கி ஒரு மாதத்துக்குள் சமையல் மேதையாகிவிடுகிறார். நடுச்சாமத்தில் போர்வைக்குள் போன் வெளிச்சம் தெரியும். எட்டிப் பார்த்தால் யாரோ ஒரு கிராமத்துப் பாட்டி விறகடுப்பில் கணவாய் வறுத்துக்கொண்டிருப்பார். ஒடியல் கூழுக்கு நண்டு முதலில் போடுவதா, பயற்றங்காய் முதலில் போடுவதா என்று மனைவிக்கே பாடம் எடுப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் "சம்பலுக்குத் தேங்காய் எந்தக் கடையிலை வாங்கினனீங்கள்?" என்ற விசாரணை. எந்தக் கடையில் எத்தனை டொலருக்கு நூறு இடியப்பம் என்பது அவருக்கு மனப்பாடம், தான் ஒன்றையும் தொடுவதில்லை என்ற பெருமையோடு.

இதை அண்ணையின் பலவீனம் என்று சிரிப்பவர்கள் மினசோட்டாவில் நடந்ததை அறிய வேண்டும். இரண்டாம் உலகப்போர் முடியும் காலம். பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்து மீட்பது என்று அறிவதற்காக ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார். 1944 நவம்பரில் அது தொடங்கியது. போருக்குப் போக மனச்சாட்சி இடங்கொடாத 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்தார்கள். 24 கிழமைகள் அவர்களுக்கு உருளைக்கிழங்கு, பாண், மக்கரோனி, கோவா என்று அளந்து போட்டு, கிழமைக்கு 22 மைல் நடக்கவும் வைத்தார்கள். கொஞ்ச நாளில் அவர்கள் பேச்சு முழுக்கச் சாப்பாடு. சமையலில் எந்த நாட்டமும் இல்லாதிருந்தவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து இரவிரவாக வாசித்தார்கள். கோப்பையை நக்கினார்கள். கோப்பி குடித்தே வயிற்றை நிரப்பப் பார்த்ததால் நாளுக்கு ஒன்பது கோப்பைக்கு மேல் இல்லை என்று சட்டம் போட வேண்டியதாயிற்று. எந்நேரமும் களை, எந்நேரமும் குளிர்; கோடையிலும் போர்வை கேட்டார்கள்.

அவர்களுக்குக் கிடைத்தது நாளுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. கீஸ் அதற்கு வைத்த பெயர் அரைப்பட்டினி. அண்ணை தன்னுடைய 1,200க்கு வைத்த பெயர் லைஃப்ஸ்டைல்.

ஆக அண்ணையின் அலுப்புக்கு முழுப் பழியையும் வின்ரர் மேல் போட்டால் அது பாவம். சாப்பாடு சடுதியாகக் குறைந்தால் உடம்பு செலவைச் சுருக்குகிறது. கை கால் சில்லிடுகிறது, படியேறப் பஞ்சியாக இருக்கிறது. கொழுப்பிலிருந்து வருகிற லெப்டின் இறங்க, வயிற்றிலிருந்து வருகிற கிரெலின் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து மூளைக்குச் சொல்வது ஒரே செய்தி: பஞ்சம் வந்திட்டுது, சாப்பிடு. 2011இல் வெளிவந்த ஒரு மெல்பேர்ண் ஆய்வில், கடும் டயட்டால் மெலிந்தவர்களின் பசிச் சுரப்புகள் ஒரு வருடம் கழிந்தும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. இதை அறிந்தபோது அண்ணை கவலைப்படவில்லை. "பாத்தீரே, இது என்ரை குற்றமில்லை" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இன்னொரு றோல்ஸை இரண்டாக வெட்டினார்.

அம்மாவுக்கு லெப்டினும் தெரியாது, கிரெலினும் தெரியாது. "சிறிமாவோ காலத்திலை பாணுக்கு விடியக் காலமை கியூவிலை நிண்டனாங்கள். ஆனா ஒருத்தரும் காசு குடுத்துப் பசியை வாங்கேல்லை" என்று பருப்பிலிருந்து தலை நிமிர்த்தாமல் சொன்னார்.

இந்த நிலையில்தான் தை பிறக்கும். 2016இல் கனடாப் பாராளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது. நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றியபோது அண்ணையின் டயட்டைப் பற்றி ஒரு உறுப்பினரும் எழுந்து கேட்கவில்லை. சனி ஞாயிறென்றால் ஹோல். ஹோல் என்றால் குத்துவிளக்கு, வரவேற்புரை, பரதநாட்டியம், எம்பியின் வணக்கம், பிறகு பின்பக்கத்து மேசையில் சூடாக றோல்ஸ், கட்லட், வடை. "மரபைக் காப்பாற்றத்தானே வந்தனாங்கள்" என்று அண்ணை வரிசையில் நிற்பார். தைப்பொங்கலன்று வெளியே முழங்கால் மட்டும் ஸ்னோ. குசினி மின்னடுப்பில் பொங்கி, ஜன்னலால் சூரியன் இருக்கக்கூடிய திசையைப் பார்த்துப் படைப்பார்கள். சாமிக்குப் படைத்ததை வேண்டாமென்று சொல்லக்கூடாது. இரண்டாம் தரம் கேட்டதும் சாமிக்காகத்தான்.

ஸ்னோ தள்ளுவதும் ஒரு கணக்கு. இருபது நிமிடம் சவளோடு போராடிவிட்டு வந்து ஐந்நூறு கலோரி போயிற்று என்று தானே தீர்ப்பெழுதி, அதை ஈடுசெய்யும் உரிமையை நிலைநாட்டுவார்.

பெப்ரவரியில் மனைவி ஆட்சியைக் கையிலெடுத்தார். அறிவிப்பு ஒன்றும் இல்லை. முதலில் முட்டைக்குள் மஞ்சட்கரு திரும்பி வந்தது. சலாட் பெட்டியின் இடத்தைச் சாப்பாட்டுப் பிளாஸ்க் பிடித்தது: குரக்கன் புட்டு அளவாக, மீன் குழம்பு தாராளமாக, முருங்கையிலை வறை மிகத் தாராளமாக. மாலையில் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றுமுன் மல்லியும் மிளகும் போட்ட சூடான ரசம் கையில். ரசம் உள்ளே போனபின் பிரிட்ஜுக்குப் போகும் கால் கொஞ்சம் தயங்கியது. செயலியில் 1,200ஐ அழித்து 1,800 என்று போட்டவரும் அவரே. அண்ணையை டொக்டரிடம் திரும்பவும் கூட்டிப்போய், இரும்புச்சத்தும் தைரொயிட்டும் பார்க்கச் சொன்னார். எல்லா அலுப்பும் டயட்டால் வருவதில்லையே. அவையிரண்டும் சரி. வைற்றமின் டி மட்டும் தரையில் கிடந்தது. நவம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை இந்த ஊர் வெயிலில் தோல் அதை உண்டாக்குவது அநேகமாக நின்றுவிடும், நம்முடைய நிறத்துக்கு இன்னும் கடினம். ஒரு குளிசை. பதினொரு மணிக்குப் போனைப் பறித்து வைப்பது அடுத்த சட்டம். நித்திரை குறைந்தால் பசி கூடும் என்பதும் அறிஞர்கள் சொல்வதுதான். ஆனால் அவர் சட்டம் போட்டது கணவாய் வறுவல் பாட்டியின் சத்தத்தில் தனக்கு நித்திரை வராததால்.

நடையும் உண்டு. ஸ்னோவில் சறுக்கி இடுப்பை உடைக்காமல் நடக்க ஸ்காபரோ ரவுன் சென்ரர் மொல்தான் வசதி. சனி காலையில் அங்கே போனால் நாலைந்து கலோரி அண்ணைமார் ஜக்கெற்றைக் கையில் தொங்கவிட்டபடி அணியாக நடப்பதைக் காணலாம். பேச்சு: எந்தக் கடையில் நண்டு உயிரோடு வரும், எந்தக் கடைக் கொத்துரொட்டியில் இறைச்சி கூட. ஃபுட் கோர்ட்டைத் தாண்டும்போது மட்டும் அணியின் வேகம் குறையும்.

சித்திரையில் ஸ்னோ கரைந்ததும் அண்ணை நிறை பார்க்கும் மெசினில் ஏறுவார். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. நவம்பரில் அவர் ஏறியது வின்ரர் ஜக்கெற், பூட்ஸ், பொக்கெற்றில் திறப்புக் கொத்தோடு. இப்போது சாரத்தோடு மட்டும். ஏழு கிலோ குறைந்திருக்கும். மூன்று கிலோவை ஜக்கெற்றுக்கும் பூட்ஸுக்கும் கழித்தாலும் நாலு கிலோ மெய்யாகவே போயிருக்கிறது; டொக்டரும் சுகர் இறங்கியிருப்பதாகச் சொல்லிவிட்டார். குறைந்ததெல்லாம் பெப்ரவரிக்குப் பிறகு என்பதை மனைவி யாருக்கும் சொல்வதில்லை.

அடுத்த பிறந்தநாள் விழாவில் அண்ணையைச் சுற்றிக் கூட்டம். ஒக்டோபர்த் தாளோடு புதிதாக டொக்டரிடமிருந்து வந்த ஒரு தம்பி பணிவாகக் கேட்கிறார்: "அண்ணை, நல்லா மெலிஞ்சிட்டியள். எப்பிடிச் செய்தனீங்கள்?"

அண்ணை கதிரையை இழுத்துப்போட்டு வசதியாக இருக்கிறார்.

"அது பெரிய கதை தம்பி. முதல்லை அந்த றோல்ஸ் தட்டை இஞ்சாலை நகர்த்தும், சொல்லுறன்."