கட்டைக்கு வர்ணம்: கொல்கத்தாவின் எஞ்சிய வேட்டை குறித்து ஓர் ஆய்வு

வேட்டைத் துப்பாக்கியின் மரக்கட்டைக்கு வீட்டு மொட்டைமாடியில் வைத்து ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும் பழக்கம் பற்றி அறிஞர் உலகம் இதுவரை வாய் திறக்கவில்லை. கொல்கத்தாவைப் பொறுத்தவரை இப்பழக்கத்தை வேட்டையின் துணைத்தொழில் என்று ஒதுக்கிவிட முடியாது. இன்று அந்நகரில் மிச்சமிருக்கும் வேட்டையே இதுதான் என்பது இக்கட்டுரையின் துணிபு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஷிகாரிகள் எனப்பட்ட வேட்டைக்காரர்களுக்குக் கதவைச் சாத்தியது. 1991-இல் வந்த திருத்தம் தாழ்ப்பாளும் போட்டது. ஆனால் துப்பாக்கிகள் எங்கும் போய்விடவில்லை. நகரத்துக்கு வடக்கே ஹூக்ளிக் கரையிலுள்ள இச்சாப்பூர் ஆலை, ராணுவத் தோட்டா பொதுமக்களுக்கு ஆகாது என்பதற்காகவே .315 என்று வேறோர் அளவில் ரைஃபிள் செய்து அவர்களுக்கு விற்றது. ஜோராசாங்கோவில் துப்பாக்கி வியாபாரிகளான தாவ் குடும்பத்தின் வீட்டை இன்றும் ‘பந்தூக்வாலா வீடு’ என்றுதான் சொல்கிறார்கள். துர்கா பூஜையில் அங்கே பீரங்கி வெடிப்பதும் உண்டு. ஆக, கருவி இருக்கிறது, கைகளும் இருக்கின்றன, மான்தான் இல்லை. சத்யஜித் ராய் 1974-இல் எழுதிய ஃபெலுதா துப்பறியும் நாவல் ‘ராயல் பெங்கால் ரகசியம்’ ஒரு ஜமீன்தாரைக் காட்டுகிறது: ஷிகாரி என்று பேரெடுத்தவர், ஆனால் சுட்டவர் வேறொருவர். சட்டம் வந்து இரண்டே ஆண்டில் இப்படி ஒரு பாத்திரம் பிறந்ததைத் தற்செயல் என்று தள்ள எம்மால் இயலவில்லை.

இனி சட்டச் சான்று. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் குழலை வெட்டிக் குட்டையாக்கக் கூடாது என்கிறது. உலோகத்தில் பொறித்த பெயரையும் எண்ணையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது என்கிறது. கட்டையின் நிறம் பற்றி அச்சட்டம் மூச்சுகூட விடவில்லை. இதற்கு வரலாற்றுக் காரணம் தேடினால் கல்கத்தாவிலேயே கிடைக்கும். 1914 ஆகஸ்ட் 26 அன்று ராடா என்னும் துப்பாக்கி வியாபாரக் கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் புரட்சிக்காரர்கள் கடத்திக்கொண்டு போனார்கள். அந்த மவுசரின் மர உறையைப் பிடியோடு பொருத்தினால் அதுவே தோள்கட்டை ஆகிவிடும். ரைஃபிளைப் போலத் தோளில் வைத்துச் சுடலாம். இத்தனை கவனிக்கத்தக்க கட்டை இருந்தும், பிறகு வழக்குகளில் கைகொடுத்தது கம்பெனி குறித்து வைத்திருந்த எண் வரிசைதான். மரத்தைப் பொருட்படுத்தாத இம்மரபின் புண்ணியத்தில், துப்பாக்கி வைத்திருக்கும் குடிமகன் யாரையும் கேளாமல் கைவைக்கத்தக்க ஒரே இடமாகக் கட்டை எஞ்சியது. எண் மீது பெயின்ட் படாமலிருக்க ஒட்டும் மாஸ்கிங் டேப்பை, அரசாங்கத்தின் பிரதிநிதியாகவே கொள்ள வேண்டும்.

அடுத்து, செயல்முறை. தோட்டாவெல்லாம் எடுத்தாயிற்றா என்று பார்த்து, திருகுகளைக் கழற்றிக் குழலிலிருந்து கட்டையைப் பிரிக்க வேண்டும். பழைய எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, உப்புத்தாளால் மரத்தின் ரேகை போகும் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் விழும் கீறல், பெயின்ட் காய்ந்த பிறகு பல்லைக் காட்டும். டப்பாவுக்குள் கோலி கடகடக்கும்வரை குலுக்கி, ஒரு சாண் தள்ளி நின்று, கை ஓரிடத்தில் நில்லாமல் மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். ஆசைப்பட்டு நெருங்கினால் வழியும். பிடியில் வழுக்காமலிருக்கக் கீறிய சின்னஞ்சிறு வைரக்கட்டங்களைத் தடித்த பூச்சு மூடிவிடும். கொல்கத்தா ஆடி ஆவணியில் இன்னொரு தொல்லை: கரைப்பான் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது, கறுப்புப் பூச்சு சாம்பல் பூத்துப் போகிறது. எனவே வானம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். காற்றின் திசை அறிதல், ஓசையின்றி அணுகுதல், தூரம் கணித்தல், விரலால் அழுத்தும் அந்தக் கணம், பிறகு நெடுநேரம் தொடாமலிருக்கும் பொறுமை: பழைய ஷிகார் நூல்கள் புலிக்குச் சொன்ன இலக்கணத்தில் இங்கே எது குறைகிறது? பரண் இல்லையே என்பார்க்கு, மொட்டைமாடி தண்ணீர்த் தொட்டி இருக்கிறது.

மறுப்புகள் இல்லாமலில்லை. அமெரிக்காவில் கட்டைக்கு இலைநிறம் பூசுவது மிருகத்தின் கண்ணை ஏய்க்கத்தானே என்பர் சிலர். மெய்தான்; ஆனால் கொல்கத்தாவில் ஏய்க்க வேண்டிய மான்கள் அலிப்பூர் உயிரியல் பூங்காவில் இருக்கின்றன; அவை துப்பாக்கியைவிடக் கடலைப் பொட்டலத்தையே கவனிக்கின்றன. பயன் அற்றுப்போனபின்னும் தொடரும் செயலைச் சடங்கு என்றுதான் மானிடவியல் வகுக்கும். இரண்டாம் மறுப்பு கனமானது. வால்நட் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்து உள்ளங்கைச் சூட்டில் ஊறவிடுவதே முறை, டப்பா பெயின்ட் மரத்தின் ரேகையைப் புதைத்து விலையையும் கெடுக்கும் என்கிறார்கள் பழையவர்கள். ரேகை விஷயத்தில் அவர்கள் கட்சியே எம் கட்சி. நல்ல வால்நட்டின் மேல் பளபளக்கும் கறுப்பைக் கண்டால் வயிறு எரியத்தான் செய்கிறது. விலை விஷயத்தில் மட்டும் வாதம் நிற்காது. வாங்குபவருக்கும் லைசென்ஸ் வேண்டும் என்னும் ஊரில், சந்தை விலை என்பது பெரும்பாலும் பேச்சளவில் வாழும் பொருள்.

மூன்றாவது மறுப்பு: யார் பார்க்கப் போகிறார்கள்? இதற்கு விடை தேர்தல் ஆணையத்திடம் இருக்கிறது. தேர்தல் அறிவித்ததும், லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். ஐந்தாண்டில் மக்களவைக்கு ஒரு முறை, சட்டமன்றத்துக்கு ஒரு முறை, துப்பாக்கி பீரோவை விட்டு உறையோடு டாக்சி ஏறுகிறது. அங்கே உறை கழன்று மேசைமேல் வரிசையாக மற்ற வீட்டுத் துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பத்து வயதுப் பையன் முதல் பென்ஷன் வாங்கும் நீதிபதி வரை கல்யாண வீட்டுக்குப் போகும்முன் எதைச் செய்வார்களோ, அதைத்தான் கட்டைக்கும் செய்கிறார்கள். மேற்கு வங்கத் தேர்தல்கள் பெரும்பாலும் சித்திரை வெயிலில் வருவதால், பெயின்ட் காயவும் தோதாக இருக்கிறது.