எங்கள் ஊர் ஒகேனக்கல்

கீரப்பாளையத்தில் மலை கிடையாது. கொள்முதல் நிலையத்தில் நெல் குவிந்திருக்கிற மாதங்களில் அந்த அம்பாரம்தான் எங்கள் சிகரம். மற்ற மாதங்களில் சேத்தியாத்தோப்பு ரோட்டு வேகத்தடை. அதனால் அருவி, பாறை, பள்ளத்தாக்கு என்று ஆசை வந்தால் விடியற்காலையில் வேன் பிடித்து ஒகேனக்கல் போகிறோம். முதுகில் எண்ணெய் தேய்த்துவிடுகிறார்கள். மீன் பொரித்துத் தருகிறார்கள். பரிசலில் ஏற்றி, இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறை நிற்கிற இடுக்கில் கிறுகிறுவென்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிறார்கள். அந்தப் பாறையை அறுக்கக் காவிரிக்கு எத்தனை லட்சம் வருஷம் பிடித்ததோ. சோம்பேறி ஆறு.

எங்கள் பக்கம் அதே வேலையை ஒரு பொக்லைன் நாலு ராத்திரியில் முடித்துவிடுகிறது.

ஆகவே சுற்றுலாத் துறைக்கு என் தாழ்மையான விண்ணப்பம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், கடலூர்ப் பக்கம் கெடிலமும் பெண்ணையாறும். இத்தனை பள்ளத்தாக்குகளை வைத்துக்கொண்டு பிச்சாவரத்தில் மட்டும் படகு விடுவது என்ன நியாயம்? படுகையில் இறங்கினால் முதலில் சீமைக்கருவேலம். அதைத் தாண்டினால் டிப்பர் போய்வந்த தடம். தடம் முடிகிற இடத்தில் எட்டிப் பாருங்கள், ஆற்றின் வயிறு அடுக்கடுக்காகத் தெரியும்: மேலே வெளுத்த மணல், கீழே ஈர மணல், அதற்கும் கீழே கருங்களி. களி தெரிந்துவிட்டால் சீசன் முடிந்தது. வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், அருவிப் பக்கம் அண்டவிட மாட்டார்கள். இங்கே அந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. ஒரு அடி வைத்தால் முழங்கால் தண்ணீர், அடுத்த அடியில் ஆளே காணோம். சாகசம் இலவசம்.

சட்டம் இல்லையா என்று கேட்காதீர்கள், கோபம் வரும். 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டி நெறியில் ஆழம் தெளிவாகவே இருக்கிறது: 3 மீட்டர் அல்லது நிலத்தடி நீர்மட்டம், எது குறைவோ அது. படித்தவர்கள் ‘எது அதிகமோ’ என்று படித்துவிட்டார்கள். 2003-இல் குவாரிகளை இனி அரசே நடத்தும் என்று தமிழ்நாட்டில் உத்தரவு வந்தபோது கை தட்டியவர்களில் நானும் ஒருவன். அரசு நடத்தியது; லோடு ஏற்ற மட்டும் ஒப்பந்தக்காரர்கள். பிறகு கோட்டையில் ஆட்சி மாறியது, லாரியின் முன் கண்ணாடியில் கட்சித் துண்டு மாறியது. லாரி அதேதான்.

2023-இல் அமலாக்கத் துறை கான்பூர் ஐஐடிக்காரர்களை அழைத்துவந்து மாநிலத்தில் 28 குவாரிகளை அளந்தது. அனுமதி 4.05 லட்சம் யூனிட், அள்ளியது 27.70 லட்சம் யூனிட். அரசுக்கு வந்த வருமானம் 36.45 கோடி, போன மணலின் மதிப்பு 4,730 கோடி. இது அவர்கள் போட்ட கணக்கு. சரி, கணக்குத் தப்பென்றால் நம் அதிகாரிகள் போய்ச் சரியான கணக்கைச் சொல்லலாமே? ஐந்து கலெக்டர்களை அழைத்தால், அழைக்கக் கூடாது என்று அரசே கோர்ட்டுக்குப் போனது. உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு 2024 ஏப்ரலில் போனார்கள். ஜூலையில் ஒப்பந்தக்காரர்கள் மேலிருந்த நடவடிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மணல் அள்ளுவது பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் குற்றப் பட்டியலிலேயே இல்லையாம். ஆற்றில் குளித்த எருமையைத்தான் இனி விசாரிக்க வேண்டும்.

கீழே மணல் போனதும் பரங்கிப்பேட்டை முகத்துவாரத்துக் கடல், காலியான வீட்டுக்குக் குடிவருகிற மாதிரி வெள்ளாற்றில் ஏறுகிறது. கடற்கரைக்குப் போகவும் எங்களுக்கு இனி பஸ் செலவில்லை. அடிபம்பை நாலு அடி அடித்தால் போதும்.

2022 ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமை. நெல்லிக்குப்பம் அருகே குச்சிப்பாளையத்தில், கெடிலம் தடுப்பணைப் பக்கம் சிறுமிகளும் இளம்பெண்களுமாகக் குளிக்கப் போனார்கள். வெயில் காலம், தண்ணீர் கிடந்தது, போனார்கள். அவர்கள் ஊரிலும் மலை கிடையாது, வேன் பிடிக்கக் காசும் கிடையாது. மாட்டிக்கொண்டவர்களை இழுக்கப் போய் மற்றவர்களும் மாட்டினார்கள். 7 பேர். மணல் அள்ளிய பள்ளம் என்று ஊரார் அழுதார்கள். தலைக்கு 5 லட்சம் அறிவித்தார்கள். மணலுக்கு யூனிட் கணக்கு, பிள்ளைகளுக்குத் தலைக் கணக்கு. பள்ளம் தோண்டியவனுக்கு மட்டும் எந்தக் கணக்கும் இல்லை. அதற்கு மறுநாளும் என் தெருவில் மணல் லாரி வந்தது, தார்ப்பாய் மூடி, ஈரம் சொட்டச் சொட்ட.

இப்போது கரையில் போர்டு வைக்கிறார்கள். ‘ஆழமான பகுதி. இங்கு குளிக்கக் கூடாது.’ மஞ்சளில் கறுப்பு எழுத்து, பக்கத்தில் ஒரு மண்டை ஓடு. போன மாதம் வெள்ளாற்றங்கரையில் ஒன்றை நட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆட்கள், ஒரு சட்டி, அரை மூட்டை சிமெண்ட், கொஞ்சம் ஜல்லி. குழிக்குள் கம்பத்தை நிமிர்த்திப் பிடித்தபடி ஒருவர் கலவைக்காகக் காத்திருந்தார். இன்னொருவரைக் காணோம்.

“மணலுக்கு எங்கண்ணே போறது?” என்றேன்.

“எங்க போறது? தோ...” என்று பள்ளத்தைக் கை காட்டினார். கீழேயிருந்து ஒரு கூடை மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தது. “ரெண்டு கூடைதான் சார்.”