நாலும் ஒன்றும் ஐந்து

பெரியப்பா பிள்ளை அமெரிக்கா போகிறான். தாராளமாகப் போகட்டும். போகிற வழியில் எஸ்.எஸ். காலனியில் ஆட்டோவை நிறுத்தி, பித்தளைச் சம்புடத்தோடு எங்கள் படியேறினான் பாருங்கள், அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

"மாட்டுப்பொண்ணுக்குப் பிரசவம்டா. ஆறு மாசம் பாத்துக்கோ. தினம் துளி தீர்த்தம், ரெண்டு துளசி, ஒரு பிடி சாதம். வேற ஒண்ணுமே வேண்டாம்."

ஒன்றுமே வேண்டாத பெருமாளுக்கு இவன் ஏன் ஆள் தேடுகிறான் என்று கேட்பதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

சம்புடத்தில் நாலு சாளக்கிராமம். நான் சொல்ல வந்தது பூஜையில் மனசு நிற்பதைப் பற்றி. அதற்கு முன் இந்தக் கணக்கை முடித்துவிடுகிறேன்.

எங்கள் அகத்தில் தாத்தா காலத்து மூர்த்தி ஒன்று உண்டு. நாலும் ஒன்றும் ஐந்து. வாத்தியார் முகம் சுளித்தார். ஒற்றைப்படை கூடாதாம்.

"அப்போ ஒண்ணு?"

"ஒண்ணு மட்டும் இருக்கலாம். இரட்டைப்படைதான் விசேஷம்."

"ரெண்டு?"

"ரெண்டு மட்டும் கூடாது."

பஞ்சாயதனமாகவாவது இருந்தால் ஐந்து சரி. ஆனால் அதில் நர்மதை பாணலிங்கம், சோணபத்திரக் கல், ஸ்வர்ணமுகிக் கல், வல்லத்து ஸ்படிகம், எல்லாம் வேண்டும், சாளக்கிராமம் ஒன்றுதான். அண்ணாவின் நாலை ஹாலில் தனியாக வைத்தால்? "அகம் ஒண்ணுதானே" என்றார். நடுவில் திரை போட்டால் என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார்.

ஆக, இன்னொன்று சேர்த்து ஆறாக்க வேண்டும். வாங்கலாமென்றால், சாளக்கிராமத்துக்கு விலை பேசுவதே பாவம். அதனால்தான் விற்கிறவர்கள் 'காணிக்கை' என்று போடுகிறார்கள், கூரியர் தனி. சரி, ஆறு. அண்ணா திரும்பி வந்து நாலை எடுத்துப்போனால் எனக்கு மிச்சம் ரெண்டு. அது கூடாது. மேலும் ரெண்டு வாங்கி நாலாக்கலாம். அல்லது ஒன்றைத் தானம் பண்ணலாம், மகா புண்ணியம். வாங்கிக்கொள்கிறவரிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அவருக்கு ரெண்டு. அவர் ஒன்றைத் தள்ளிவிடுவார். அது வண்டியூர் தெப்பக்குளம் தாண்டி ஊர் சுற்றி, கடைசியில் என் வாசலுக்கே வரும். அண்ணா பாங்கில் ஆடிட் பார்த்து ரிட்டையரானவன். நாலும் ஒன்றும் ஐந்து என்று தெரியாமலா கொண்டுவந்தான்?

இந்த லட்சணத்தில் பேத்தி வேறு. "தாத்தா, உள்ள தெரியற சக்கரம் அம்மோனைட். ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னாடி டைனோசரோட அழிஞ்சுபோன கடல் ஜந்து." இமயமலை இருக்கிற இடம் கடலாக இருந்ததாம், அதுதான் முக்திநாத் பக்கம் கண்டகியில் கிடைக்கிறதாம். அரியலூர் சுண்ணாம்புச் சுரங்கங்களிலும் அம்மோனைட் உண்டு. அங்கே சிமென்ட் ஆலைக்குப் பக்கத்தில் கிடக்கிறது, கண்டகியில் கிடந்தால் பெருமாள். இதை வாத்தியாரிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

மதுரை கல்லுக்குப் பஞ்சமான ஊரா? யானைமலை, நாகமலை, பசுமலை. திருப்பரங்குன்றத்தில் மலையைக் குடைந்தே சந்நிதி. அதில் எதையும் யாரும் என் அகத்தில் விட்டுவிட்டு நியூஜெர்சி போக முடியாது. அந்த வகையில் நல்ல கற்கள்.

தினமும் சாயங்காலம் வீடியோ காலில் தரிசனம். "துளசி வாடியிருக்கே. வேஷ்டி மடிதானே?" என்று அங்கே அரை டிராயரில் உட்கார்ந்து கேட்கிறான். நேற்று குரலில் ஒரே குழைவு.

"இங்க ஒருத்தர் முக்திநாத் போய்ட்டு வந்திருக்கார்டா. எனக்கு ஒரு மூர்த்தி தரேங்கறார். வாங்கிக்கட்டுமா?"

"பேஷா வாங்கிக்கோண்ணா" என்றேன்.