வருங்காலத் தலைமுறைக்குப் பத்திரமாக

பி.காம். படிக்கிற பிள்ளைக்குச் சுற்றுச்சூழல் எதற்கு என்று கேட்கும் அறியாமை நம் நாட்டில் 1991-லேயே ஒழிந்தது. எல்லா மாணவர்களுக்கும் அதைக் கற்பிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு உத்தரவிட்டது. பதறிய காரியம் சிதறும் என்பதறிந்த பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு மாமாங்கம் பொறுத்து அதைப் பட்டப்படிப்புகளுக்குக் கட்டாயப் பாடமாக்கியது. அந்தப் பொறுமையின் பலனைத்தான் பாலக்காட்டு எல்லையில், சித்தூர் தாலுக்காவில் இருந்துகொண்டு நான் அனுபவிக்கிறேன்.

பாடத்தின் பரந்த மனசை என்ன சொல்லிப் புகழ்வது! துருவத்துப் பனிக்கரடிக்கு ஒரு பாடம், அமேசான் காட்டுக்கு ஒரு பாடம். பஸ் ஏறினால் போய்விடக்கூடிய பிளாச்சிமடைக்கு ஒரு வரி கிடையாது. பக்கத்து ஊரைப் படித்தால் பார்வை குறுகிவிடும் என்று பெரியவர்கள் யோசித்திருப்பார்கள்.

ஏப்ரல் 22, புவி நாள். எங்கள் கல்லூரியில் ஓவியப் போட்டி நடக்கும். 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்ற ப்ளெக்ஸின் கீழே சிறப்பு விருந்தினருக்குத் தண்ணீர் பாட்டில் வைப்பார்கள். 2002-இல் இதே நாளில் பிளாச்சிமடையின் ஆதிவாசி மக்கள் கொக்ககோலா ஆலைக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். எரவாளர் குடியின் மயிலம்மா முன்னால் நின்றார். கிணற்றுத் தண்ணீரில் சோறு வேகவில்லை, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்பது அந்தப் பெண்களின் புகார். குடம் தூக்கித் தொலைதூரம் நடந்தவர்களுக்கு ஓவியப் போட்டி வைக்கத் தோன்றவில்லை. பாடத்திட்டத்தில் இடம் கிடைக்காததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

வணிகவியலுக்கு அந்த ஆலை காட்டிய வழியை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது. மூலப்பொருளான தண்ணீர் நிலத்துக்கு அடியிலேயே இருந்தது. போர்வெல் போட்டால் போதும். மிஞ்சிய கசடை உழவர்களுக்கு உரம் என்று கொடுத்தார்கள். 2003-இல் பிபிசி வானொலி அதைச் சோதிக்கச் செய்தபோது ஈயமும் காட்மியமும் இருப்பது தெரிந்தது. கழிவை அகற்றும் செலவும் மிச்சம், கொடையாளி என்ற பெயரும் லாபம். எங்கள் அடக்கவிலைக் கணக்கியல் புத்தகத்தில் இவ்வளவு தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது.

ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த உள்ளூர்ப் பெருமாட்டி ஊராட்சிக்கு மட்டும் இந்த நுட்பம் விளங்கவில்லை. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

அரசுகளின் பெருமையை இனிமேல்தான் சொல்ல வேண்டும். வரும் தலைமுறைக்கு மிச்சம் வைத்து இன்றைய தேவையை முடித்துக்கொள்வதே நீடித்த வளர்ச்சி என்று 1987-இல் புருண்ட்லாண்ட் ஆணையம் வகுத்தது. தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. இந்த இலக்கணத்தை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியவர்கள் நம்மை ஆள்பவர்கள். பிளாச்சிமடையில் நேர்ந்த சேதம் 216 கோடி ரூபாய் என்று கேரள அரசின் உயர்நிலைக் குழு 2010-இல் கணக்கிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்கச் சட்டமன்றம் 2011-இல் மசோதா நிறைவேற்றியது. டெல்லி அதைச் சில ஆண்டுகள் அடைகாத்து, ஒப்புதல் தராமல் திருப்பியது. அதற்கு முன்பே, 2007-இல், மயிலம்மா கண்ணை மூடிவிட்டார். அவர் தலைமுறை ஒரு ரூபாயைக்கூட எடுத்துச் செலவழிக்காதபடி பார்த்துக்கொண்டார்களே, அதுவல்லவா சிக்கனம்!

இந்தப் பெருமையில் இடுக்கி மாவட்டத்துக்கும் குறையில்லை. இயற்கை முகாமுக்கு எங்களை அங்குள்ள மூணாறுக்குக் கூட்டிப்போனார்கள். பழையதைத் தூக்கி எறியாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்று ஆசிரியர் விளக்கிய இடத்துக்கு எதிரிலேயே தேயிலைத் தொழிலாளர்களின் லயங்கள். வெள்ளைக்காரன் காலத்து வீட்டு வரிசையில் தமிழ்க் குடும்பங்கள் பாட்டி, மகள், பேத்தி என்று வாழ்ந்து மறுபயன்பாட்டைச் செய்து காட்டிக்கொண்டிருந்தன. நாங்கள் மலையைப் பார்த்துத் திரும்பி நின்று செல்ஃபி எடுத்தோம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சிலர் பழிக்கிறார்கள். அது தண்ணீரே கேட்காமல் காய்க்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. எங்கள் வறண்ட தாலுக்காவுக்கு அதைவிடத் தோதான பயிர் ஏது?

நாளைக்கு எனக்குப் பிள்ளை பிறந்து, அதுவும் இந்தப் பாடத்தைப் படிக்கும். அதற்குள் யாராவது அவசரப்பட்டு அந்த இழப்பீட்டைக் கொடுத்துத் தொலைத்தால், வருங்காலத் தலைமுறைக்காகச் சேமித்துவைத்ததற்கு இந்தப் பக்கம் வேறு உதாரணமே இருக்காது. ஆகவே அரசுகள் இதே பொறுமையைக் கடைப்பிடிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.