பலகை படுக்குமா, நிற்குமா? – ஒரு சிற்றாராய்ச்சி

அமெரிக்காவின் பழைய ரயில் நிலையங்களை 87இல் ஒரு பங்காகச் சுருக்கி மேசைமேல் கட்டி எழுப்புகிறவர்கள் உண்டு. ‘எச்ஓ’ அளவு என்பார்கள். ஓர் அடி 3.5 மில்லிமீட்டராகிவிடும், ஆறடி ஆள் 21 மில்லிமீட்டரில் அடங்கிவிடுவார். எஞ்சினைப் பற்றி இவர்களுக்குச் சந்தேகமே வராது. தண்டவாளத்தின் ஓரமாக நிற்கும், பேர் தெரியாத சாமான் கொட்டகைக்குச் சுவர் வெட்டும்போதுதான் கத்தி நடுவழியில் நிற்கும். பலகையைப் படுக்கவைப்பதா, நிறுத்திவைப்பதா?

பழைய புகைப்படம் கையில் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. புகைப்படம் இல்லாத கொட்டகையே இந்த ஆராய்ச்சியின் களம்.

ஆராய்ச்சி என்றால் முதலில் வகைப்படுத்தியாக வேண்டும். மேல்பலகையின் அடிவிளிம்பு கீழ்ப்பலகையின் தலையை மூடும்படி படுக்கைவாட்டில் அடித்தால் ‘கிளாப்போர்டு’. மழை, ஓட்டுக்கூரையில் வழிவதுபோல் வழிந்து போகும். அகலப் பலகைகளை நட்டுக்குத்தலாக நிறுத்தி, இடுக்கை மறைக்க ரீப்பர் அடித்தால் ‘போர்டு அண்ட் பேட்டன்’. முன்னது நிலையத்திலும் வீட்டிலும் நிறையத் தென்படும்; பின்னது கொட்டகையிலும் தொழுவத்திலும். இதைப் பார்த்துவிட்டு, மதிப்பான கட்டடத்துக்குப் படுக்கை, ஏழைக் கட்டடத்துக்கு நெடுக்கு என்று சூத்திரம் எழுதியவர்கள் உண்டு.

அஃது ஒவ்வாது. என்னை? ஆண்ட்ரூ ஜாக்சன் டௌனிங் இருக்கிறாரே! அமெரிக்க நாட்டுப்புற வீடுகளுக்கு அழகு கற்பிக்கப் புறப்பட்ட அவர், 1850இல் வெளியிட்ட நூலில் நெடுக்குப் பலகைக்கே வக்காலத்து வாங்கினார். மரவீட்டைத் தாங்கும் தூண்கள் நிற்கின்றன, ஆகவே மேற்பலகையும் நின்றால்தான் சுவர் உண்மை பேசும் என்பது அவர் கட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஆணியைக் கேட்டால் வேறு சொல்லும். தூணும் நின்று பலகையும் நின்றால், இரண்டு தூணுக்கு நடுவில் விழும் பலகையை எதில் அறைவது? அதற்கென்று குறுக்குச் சட்டம் கொடுத்தாக வேண்டும். 16 அங்குலத்துக்கு ஒன்றாக மெல்லிய கால்கள் நிற்கும் வீட்டுச் சுவரில் படுக்கைப் பலகை போகிற போக்கில் ஒவ்வொரு காலிலும் ஆணி வாங்கிக்கொள்ளும். தொழுவத்திலோ தூண்கள் தடித்தவை, தள்ளித் தள்ளி நிற்பவை; அவற்றைக் குறுக்குச் சட்டங்கள் பிணைக்கும். அங்கே பலகை நிற்பதே சுலபம். ஆக விதி ஒன்றுதான்: பலகை எப்போதும் உள்சட்டத்துக்குக் குறுக்கே போகும். அந்தஸ்துக்கு இதில் வேலையில்லை.

ஐயம்: பல நிலையங்களில் ஜன்னலடிவரை நெடுக்கும் அதன்மேல் படுக்கையுமாக ஒரே சுவரில் இரண்டும் இருக்கின்றனவே? விடை: சட்டம் கொடுக்க மனமிருந்தால் எந்தத் திசையும் கூடும். ஜன்னலடிவரை டிரங்குப் பெட்டியும் தள்ளுவண்டியும் இடிக்கிற உயரம். அடிபட்ட குட்டைப் பலகையை மட்டும் கழற்றி மாற்றுவது லேசு.

சரி, பொம்மைச் சுவருக்குள் ஆணியும் இல்லை, காலும் இல்லை. விதி அங்கே செல்லுமா? நுணுக்கக்காரர்கள் செல்லும் என்றே நடந்துகொள்கிறார்கள். 16 அடிப் பலகை என்றால் 56 மில்லிமீட்டர். 40 அடிச் சுவரில் ஒரே பலகை முழுநீளம் ஓடினால் அவர்களுக்குத் தூக்கம் வராது. கத்தி நுனியால் மூட்டுக் கீறுவார்கள். மூட்டுகளுக்கிடையே உள்ள தூரம் 4.7 மில்லிமீட்டரின், அதாவது அந்த 16 அங்குலத்தின், மடங்காக இருக்க வேண்டும், ஏனென்றால் இல்லாத கால் அங்கேதான் நிற்கிறது! அடுத்து ஊசியால் ஆணிக்குழி. 0.3 மில்லிமீட்டர் குழி கண்ணுக்கே சரியாகத் தெரியாது. நிஜ அளவுக்குப் பெருக்கினால் 26 மில்லிமீட்டர். நம் பத்து ரூபாய் நாணயத்தை வரிசையாகப் பதித்த மாதிரி. இந்தக் கணக்கை அவர்களிடம் சொல்லாமலிருப்பது நல்லது.

பொருளும் தன் பங்குக்குப் பேசும். பொம்மைச் சுவருக்கென்று கோடு இழைத்து விற்கும் ‘பேஸ்வுட்’ மரத் தகட்டில் கோடு மரநாரின் போக்கிலேயே ஓடும். தகட்டின் அகலம் குறைவு. நெடுக்குச் சுவருக்குத் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்க்க வேண்டும். சேர்ப்பு கோட்டுக்குள்ளேயே மறைந்துவிடும், அதன்மேல் 0.6 மில்லிமீட்டர் ரீப்பர் ஒட்டினால் பிரம்மாவுக்கும் தெரியாது. படுக்கைச் சுவரின் நீளத்தில் ஒட்டுப்போட்டால் கோடு கோடாகக் காட்டிக்கொடுக்கும். மழைநீர்க் குழாயை அதன்மேல் கொண்டுவந்து நிறுத்துவது பழைய தந்திரம்.

எல்லாம் முடிந்து முன்பக்கம் மட்டும் தண்ணீர்ச் சாயம் பூசிவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வருவதற்குள் சுவர் அப்பளம்போல் வளைந்திருக்கும். நாரின் குறுக்கேதான் வளையும். அதை அடக்க உள்பக்கம் கட்டை ஒட்ட வேண்டும்: நெடுக்குப் பலகைக்குப் படுக்கைக் கட்டை, படுக்கைப் பலகைக்கு நிற்கும் கட்டை. தொழுவம் கட்டிய தச்சரும் அதே இடத்தில் அதே சட்டத்தைத்தான் கொடுத்திருந்தார். டௌனிங்கின் சுவருக்கும் அது தேவைப்பட்டது.